பதின்மூன்றாம் அடுப்பு

சேசு மரி சூசை

ஒற்றைமரத் தோட்டம், ஏலமலை
1890 டிசம்பர் 14

அன்புள்ள இன்னாசிக்கு,

பிலவேந்திரன் எழுதுவது. நான் சுகம். போன மாதம் வந்த குளிர்காய்ச்சல் விட்டுவிட்டது. சுருளிவேல் நாளைக் காலையில் பொதிமாடுகளை ஓட்டிக்கொண்டு இறங்குகிறான். அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

தோட்டத்துத் துரை கங்காணிகளுக்கு இரண்டு வீடு கட்டியிருக்கிறார். கல் சுவர், தகரக் கூரை, முன்னால் ஒரு அறை, பின்னால் அடுப்படி. அதில் ஒன்று எனக்கு என்று சொல்லிவிட்டார். ஆனால் குடும்பக்காரனுக்குத்தான் வீடு. மார்ச் கடைசியில் வருகிற பாஸ்குத் திருநாளுக்குள் நீ வந்து சேர வேண்டும். வராவிட்டால் அது வேறு ஒருவனுக்குப் போகும், நான் லயத்திலேயே கிடக்க வேண்டியதுதான்.

வந்துவிடு. அங்கே நமக்கு என்ன இருக்கிறது? பதினோரு வீடு, ஒரு புளியமரம், ஒரு வாய்க்கால். அதைத் தெரு என்று சொல்லிக்கொண்டு எத்தனை நாள் தனியாக இருப்பாய்? வீட்டை விற்றுவிடு. கேட்கிறவர் யாருக்கு வேண்டுமானாலும் கொடு. என் அண்ணனுக்கு மட்டும் கொடுக்காதே. காரணம் கேட்காதே.

இங்கே லயம் என்பது ஒரே கூரையின் கீழ் பத்துக் கதவு. என் கதவு ஏழு. எட்டில் மயிலாடும்பாறை அழகர் இருக்கிறான், அவனும் கங்காணிதான். நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். அவன் பெண்டாட்டி இருமினால் எனக்குக் கேட்கும், ஆனால் அவள் பெயர் எனக்குத் தெரியாது. போன மழைக்காலத்தில் மூன்றாம் கதவில் ஒருவன் காய்ச்சலில் செத்தான். மற்ற ஒன்பது கதவிலும் அன்று சோறு வெந்தது. யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. இங்கே யாரும் யாரிடமும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. அதனால் யாரும் யாரையும் கைவிடுவதும் இல்லை.

யோசித்துப் பதில் எழுது. கம்பளி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், நல்ல கனமான கம்பளி.

இப்படிக்கு,
பிலவேந்திரன்


சேசு மரி சூசை

சவேரியார்பட்டி, புளியடித் தெரு
1890 டிசம்பர் 29

அன்புள்ள மச்சானுக்கு,

இன்னாசியம்மாள் தோத்திரம் சொல்லி எழுதுவது. கடிதம் வந்தது. கிறிஸ்து பிறந்த திருநாள் பூசைக்கு நீங்களே வருவீர்கள் என்று இருந்தேன். கடிதம்தான் வந்தது. நீங்கள் இல்லாமல் இது நான்காவது திருநாள். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், எண்ணிச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

எண்ணுவது என்றதும் ஒன்று எழுத வேண்டும். சர்க்கார் ஜனக்கணக்கு எடுக்கப் போகிறதாம். பிப்ரவரி கடைசியில் தலைகளை எண்ணுவார்கள், அதற்கு முன்னால் வீடுகளுக்கு நம்பர் போட வேண்டுமாம். உத்தமபாளையத்திலிருந்து ஞானசிகாமணி உபாத்தியாயர் ஒரு சட்டி நிறையக் காவிக் கரைசலோடு வந்தார். கதவு கதவாக எழுதிக்கொண்டே நம் வீட்டுக்கு வந்து பதினொன்று என்று போட்டார். பிறகு நிமிர்ந்து, "இந்தத் தெரு எங்கன முடியுது?" என்று கேட்டார்.

உங்கள் அண்ணன், "வாய்க்காலோட முடியுதுங்க" என்றார்.

நான், "வாய்க்காலுக்கு அங்கிட்டு இருக்கிற ஜக்கம்மா வீடும் இந்தத் தெருதான்" என்றேன்.

"அதெப்படி? அவ நம்ம வேதமும் இல்ல, நம்ம சாதியும் இல்ல" என்று பின்னால் ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான், ஆளுக்கு ஒன்று பேசத் தொடங்கிவிட்டார்கள். உபாத்தியாயர் கையில் குச்சியை வைத்துக்கொண்டு, "யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க, காவி காயுது" என்றார்.

எதிர்வீட்டுப் பிச்சையம்மாளை உங்களுக்குத் தெரியும். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இதுக்கு எதுக்குங்க சண்டை? எழவு விழுந்தா எந்தெந்த வீட்ல அடுப்ப அமத்துறாகளோ, அதெல்லாம் ஒரு தெரு. நமக்குக் கஞ்சி கொண்டாறவுக அடுத்த தெரு. எழுதிக்கங்க."

"ஆத்தா, சர்க்கார் தாள்ல அடுப்புக்குக் கட்டம் போடல."

"அப்ப, கட்டம் போட்டவுகளுக்குத் தெருன்னா என்னன்னு தெரியலன்னு எழுதிக்கங்க."

அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் வாய்க்காலைத் தாண்டவில்லை. ஜக்கம்மா அந்தக் கரையில் விளக்குமாற்றோடு நின்று, "எனக்கு நம்பரு இல்லையா சாமி?" என்று கேட்டாள். தனியாக வந்து எழுதுகிறேன் என்றார். இன்றுவரை வரவில்லை.

நான் ஏன் வாதாடினேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தாதுவருஷப் பஞ்சத்தில் வந்து அந்த மேட்டில் குடிசை போட்டவள் அவள். நம் பிள்ளை சவரிமுத்து போன அன்று அவள் கூரையில் புகை எழவில்லை. அவளிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை, அவள் அமத்த வேண்டிய கட்டாயமும் இல்லை. பின்வாசலில் நின்று நான் பார்த்தேன்.

மலைக்கு வர மாட்டேன் என்று நான் எழுதவில்லை. காரணம் தெரியாமல் வர மாட்டேன் என்றுதான் எழுதுகிறேன். உங்கள் அண்ணன் உங்களுக்கு என்ன செய்தார்? வீட்டை அவருக்குக் கொடுக்காதே என்கிறீர்கள். மூன்றரை வருஷமாக அவர் பெயரைக்கூட நீங்கள் எழுதியதில்லை. கேட்காதே என்றால் நான் கேட்காமல் இருக்கிறவள் இல்லை. அதைத் தெரிந்துதான் கட்டிக்கொண்டீர்கள்.

கம்பளியை மூட்டையில் வைக்காமல் போர்த்திக்கொள்ளுங்கள்.

உங்கள்
இன்னாசி


சேசு மரி சூசை

ஒற்றைமரத் தோட்டம்
1891 ஜனவரி 17

இன்னாசிக்கு,

கேட்டுவிட்டாய். எழுதிவிடுகிறேன். ஒரே தரம்தான் எழுதுவேன்.

நம் பிள்ளை போன அன்று நான் முன்வாசலில் ஆண்களோடு நின்றிருந்தேன். துக்க மணி அடித்து முடிந்தது. வாந்திபேதி என்பதால் ஒரு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று கோவில் உபதேசியார் சொல்லிவிட்டார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தெருவைப் பார்த்தேன். ஒவ்வொரு கூரையாகப் பார்த்தேன். ஒன்றிலும் புகை இல்லை. ஊர் ஏதோ கையைக் கட்டி நிற்பது போல இருந்தது. அது எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு அண்ணன் வீட்டுக் கூரையில் புகை எழுந்தது.

கொஞ்சம் நஞ்சம் இல்லை. நன்றாக, உலை கொதிக்கிற புகை. என் கூடப்பிறந்தவர் வீடு. நான் புகையைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். எழுந்து தன் வீட்டுக்குள் போனார். திரும்பி வந்து கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்திலேயே நின்றுகொண்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. புகையும் நிற்கவில்லை.

அந்நியக்காரி ஜக்கம்மா அமத்தினாள் என்று எழுதுகிறாய். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தத் தெருவில் இருந்தேன். தினமும் காலையில் அந்தக் கூரையில் புகை எழும், எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் மலை ஏறினேன். உன்னிடம் சொல்லாததற்குக் காரணம், நீ அந்த வீட்டுப் பெண்களோடு இருக்க வேண்டியவள்.

இங்கேயும் நம்பர் போட ஆள் வந்தார்கள். லயத்துக் கதவுகளில் ஏற்கெனவே நம்பர் இருப்பதால் அவர்களுக்கு வேலை சுலபமாக முடிந்தது. எந்த ஊர் என்று கேட்டதற்கு ஒவ்வொருவனும் கீழே விட்டுவந்த ஊரைச் சொன்னான். நான் மட்டும் ஒற்றைமரம் என்றேன்.

காரணம் சொல்லியாயிற்று. பாஸ்குக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது.

பிலவேந்திரன்


சேசு மரி சூசை

புளியடித் தெரு
1891 பிப்ரவரி 2

அன்புள்ள மச்சானுக்கு,

இன்று மெழுகுதிரித் திருநாள். பூசை முடிந்து வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. இந்த ஒரு வாரமும் நான் சும்மா இருக்கவில்லை. முதலில் உங்கள் மதினி ரோசம்மாள் அக்காவிடம் போனேன். எங்கள் இருவருக்கும் ஒரு வாக்கு இருந்தது, அதை விடுவிக்கக் கேட்டேன். அவள் அழுதாள். பிறகு, "எழுது" என்றாள்.

அது சோற்று உலை இல்லை. தண்ணீர்.

வாந்திபேதியில் போன உடலைக் குளிப்பாட்டக் கூடாது, அப்படியே துணியில் சுற்றி எடுங்கள் என்று உபதேசியார் சொன்னபோது நீங்கள் தலையாட்டினீர்கள். நான் பின்கட்டில் இருந்தேன். என் பிள்ளை எந்தக் கோலத்தில் கிடந்தான் என்று உங்களுக்குத் தெரியாது, உங்களை உள்ளே விடவில்லை. அந்தக் கோலத்தில் அவனை மண்ணில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. எழவு வீட்டில் தீ மூட்டக் கூடாது. தண்ணீர் பங்காளி வீட்டிலிருந்துதான் வர வேண்டும். நான் வேலிப் பக்கம் போய் அக்காவிடம் கேட்டேன். அவளுக்கும் நான்கு பிள்ளைகள். அதில் ஒன்றுக்கு நோய் வந்திருந்தால் பழி முழுவதும் அவள் தலையில். ஒரு பேச்சுப் பேசாமல் உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். இரண்டு பானை வென்னீர் வேலி வழியாக வந்தது. நானும் அவளும்தான் குளிப்பாட்டினோம். தலை துவட்ட நேரம் இருக்கவில்லை.

உபதேசியார் காதுக்குப் போனால் பங்குச் சுவாமியார் வரைக்கும் போகும், தெருவே எங்களைத் திட்டும் என்று பயம். ஆண்களுக்குச் சொல்வதில்லை என்று மாதா படத்தின் முன்னால் வாக்குக் கொடுத்துக்கொண்டோம். ஆண்கள் என்றால் அதில் நீங்களும் சேர்த்தி. அது என் பிழை. அந்தப் புகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் மலை ஏறியது பிள்ளையின் துக்கத்தால் என்று மட்டும் நினைத்திருந்தேன்.

உங்கள் அண்ணனிடம் நேற்றுக் கேட்டேன். "உங்களுக்குத் தெரியுமா பெரிய மச்சான்?" என்றேன். களத்து வேலையை நிறுத்திவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உள்ள போயிப் பாத்தேன். பானையில தண்ணி கொதிக்குது, இவ அழுதுக்கிட்டே வெறகு தள்ளுறா. புரிஞ்சுபோச்சு. யாரும் உள்ள வந்துரக் கூடாதுன்னு கதவச் சாத்திட்டு வந்தேன். தம்பி கூரையப் பாத்தான், என்னையப் பாத்தான். நான் வாயத் தொறந்தா உங்க ரெண்டு பேத்தையும் காட்டிக் குடுத்த மாதிரி ஆகும். ஒரு நாள் அவனே கேப்பான்னு இருந்தேன். கேக்கவே இல்ல, ஆத்தா. ஏறிப் போயிட்டாக."

தன் தம்பியை அவர் 'போயிட்டாக' என்று மரியாதையாகச் சொன்னது எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அந்நியர்களைத்தானே அப்படிச் சொல்வோம்.

இனி உங்களிடம் சொல்லாமல் நான் வைத்திருப்பது எதுவும் இல்லை. பாஸ்குக்கு இறங்கி வாருங்கள். வந்து ஒரு வேளை உங்கள் அண்ணன் வீட்டில் சாப்பிடுங்கள். அதற்குப் பிறகும் மலைக்கு வா என்று சொன்னால், அப்போது பேசுவோம்.

உங்கள்
இன்னாசி


சேசு மரி சூசை

புளியடித் தெரு
1891 மார்ச் 1

அன்புள்ள மச்சானுக்கு,

சுருளிவேல் இரண்டு தரம் இறங்கி ஏறிவிட்டான். உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கடிதத்தைப் படித்தீர்கள், மடித்து இடுப்பில் செருகிக்கொண்டீர்கள், ஏலக்காட்டுக்குள் போய்விட்டீர்கள் என்று மட்டும் சொன்னான். சரி.

ஜனக்கணக்கு முடிந்தது. உபாத்தியாயர் வந்து, "புருஷன் எங்கன?" என்று கேட்டார். மலையில் என்றேன். "அப்ப அவரை அங்கன எண்ணிருப்பாக" என்று சொல்லி, நம் வீட்டுக்கு ஒரு ஆள் என்று எழுதிக்கொண்டார். அவர் எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஜக்கம்மாவுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். காலையிலும் சாயங்காலமும் வாய்க்காலைத் தாண்டிப் போய் வருகிறேன். இன்று, "எனக்கு நம்பரு போட்டாகளா?" என்று கேட்டாள். போட்டார்கள் என்று பொய் சொன்னேன். எத்தனை என்றாள். பன்னிரண்டு என்றேன்.

இன்னாசி


சேசு மரி சூசை

புளியடித் தெரு
1891 மார்ச் 11

அன்புள்ள மச்சானுக்கு,

ஜக்கம்மா நேற்று முன்தினம் விடிகிற நேரத்தில் காலமானாள். நான் பக்கத்தில் இருந்தேன். இந்தக் கடிதம் உங்களுக்கு எழவுச் செய்தி. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அவள் நம் வேதம் இல்லை என்பதால் கோவில் மணி அடிக்காது. மணி அடிக்காவிட்டால் தெருவுக்குத் தெரியாது. தெரிந்தாலும் தெரியாதது போல இருக்கலாம். அதற்கு வழி விடக் கூடாது என்று நினைத்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு முதலில் உங்கள் அண்ணன் வாசலில் போய் நின்றேன்.

"ஜக்கம்மா போயிட்டாக. அடுப்ப அமத்துங்க" என்றேன்.

"மணி அடிக்கலையே ஆத்தா" என்றார்.

"அடிக்காது. அதான் நான் சொல்றேன்ல."

கொஞ்ச நேரம் வாய்க்கால் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். டிசம்பரில், தெரு வாய்க்காலோடு முடிகிறது என்று சொன்னவர் அவர்தான். அது அவருக்கும் ஞாபகம் இருந்தது, எனக்கும் இருந்தது. பிறகு உள்ளே திரும்பி, "ஏ ரோசம்மா, கஞ்சிய எறக்கிரு" என்றார். என்னிடம், "அந்தப் பொம்பளையக் குளிப்பாட்ட அங்கன யாரு இருக்கா?" என்று கேட்டார்.

யாரும் இல்லை, கெங்குவார்பட்டியிலிருந்து அவள் அண்ணன் மகன் வர மத்தியானம் ஆகும் என்றேன்.

"அப்ப தண்ணிக்கு மட்டும் எரியட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு மற்ற கதவுகளைத் தட்டுவது சுலபமாக இருந்தது. இரண்டு வீட்டில் முணுமுணுத்தார்கள், ஒரு வீட்டில் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். அந்த வீட்டிலும் பிறகு புகை எழவில்லை. உபதேசியார் தெருமுனையில் நின்று, "அஞ்ஞானி எழவுக்கு வேதக்காரங்க அடுப்ப அமத்துறதா?" என்றார். பிச்சையம்மாள், "தபசு காலந்தான உபதேசியாரே, இன்னைக்கு ஒருசந்தி இருக்கோம்னு வச்சுக்கங்க" என்றாள். நோன்பு இருக்கிறவர்களை அவர் என்ன சொல்ல முடியும்? போய்விட்டார்.

மத்தியானம் மேலத்தெருவிலிருந்து கஞ்சிப் பானையோடு வந்தார்கள். "எத்தனை வீட்டுக்கு?" என்று கேட்டார்கள். உங்கள் அண்ணன்தான் பதில் சொன்னார். "பன்னெண்டு" என்றார்.

நீங்கள் பார்க்க வேண்டும் என்று ஒன்றை எழுதுகிறேன். அன்று காலை நான் வாய்க்கால் மேட்டில் நின்று தெருவைப் பார்த்தேன். பதினோரு கூரை. ஒரே ஒரு கூரையில்தான் புகை எழுந்தது. நன்றாக, பானை கொதிக்கிற புகை. இந்தத் தரம் கதவு திறந்திருந்தது. அக்கா வென்னீர்ப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, தெரு நடுவே நடந்து வாய்க்காலைத் தாண்டி வந்தாள்.

பாஸ்குக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.

இன்னாசி


சேசு மரி சூசை

ஒற்றைமரத் தோட்டம்
1891 மார்ச் 20

அன்புள்ள இன்னாசிக்கு,

மூன்று கடிதத்துக்கும் சேர்த்து எழுதுகிறேன். முதல் கடிதத்துக்குப் பதில் எழுத நான்கு தரம் உட்கார்ந்தேன். முடியவில்லை. எடுக்கும்போது பிள்ளையின் நெற்றியில் முத்தமிட்டேன் அல்லவா? அவன் தலைமயிர் ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்துக்கொண்டேன். செத்த பிள்ளைக்கு எப்படி வியர்க்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூட நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கூரையைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு அது தெரியவில்லை.

அண்ணனிடம் நேரில் சொல்ல வேண்டியதை இப்போதைக்கு நீ சொல். அவர் வாயை மூடிக்கொண்டதற்காக அவரை நான் தண்டித்தேன். தண்டிக்கத் தெரிந்தது, கேட்கத் தெரியவில்லை. ஒரு பொட்டலம் ஏலம் வைத்திருக்கிறேன், மதினியிடம் கொடு.

ஜக்கம்மா செய்தியோடு சுருளிவேல் வந்தபோது என் அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று படித்தேன். உள்ளே போய்த் தண்ணீர் ஊற்றி அடுப்பை அணைத்தேன். ஈர விறகின் புகை தட்டி வழியாகப் பக்கத்து அறைக்குப் போனது. அழகர் எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே, வேகுற சோத்தக் கெடுத்துட்டீக?"

"எங்க தெருவுல எழவு."

"யாரு, சொந்தமா?"

"இல்ல. வாய்க்காலுக்கு அங்கிட்டு இருந்த ஒரு பொம்பள."

"என்னைக்கு?"

"நாலு நாளாச்சு."

"நாலு நாளைக்கு முந்திச் செத்ததுக்கு இன்னைக்கா அமத்துறது?"

"சேதி இன்னைக்குத்தான வந்துச்சு."

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு உள்ளே திரும்பி, "ஏ சந்தனம், அடுப்ப அமத்து" என்றான். உனக்கு எதற்கு என்றேன். "நடுவுல தட்டிதானண்ணே இருக்கு. எங்க வீட்டுப் புகை உங்க வீட்டுக்குள்ளதான வரும்" என்றான். அவன் பெண்டாட்டி பெயர் சந்தனம்மாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒன்பதாம் கதவுக்காரன் கேட்டான், அமத்தினான். பிறகு பத்தாம் கதவு, இந்தப் பக்கம் இரண்டாம் கதவு வரைக்கும் அது பரவிவிட்டது. முதல் கதவில் ஒரு மலையாளத்துப் பெண். அவளுக்கு இந்த வழக்கம் புரியவில்லை. எல்லாரும் பட்டினி என்று மட்டும் புரிந்தது. பெரிய பானையில் கஞ்சி வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, "கஞ்ஞி குடிக்கு சேட்டா" என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவள் எங்களுக்கு அடுத்த தெரு ஆகிவிட்டாள்.

குடித்துக்கொண்டிருக்கும்போது அழகர்தான், "மூணாங்கதவுக்காரன் செத்தப்ப நாம அமத்தலையே" என்றான். செத்தவன் பெயர் என்ன என்று கேட்டேன். ஒருவனுக்கும் தெரியவில்லை. மறுநாள் நானும் அழகரும் ஆபீசுக்குப் போய்ப் பேரேட்டைப் பார்க்கச் சொல்லிக் கேட்டோம். பெயர் குருசாமி, ஊர் தேவதானப்பட்டி. செய்தி அவன் வீட்டுக்குப் போனதா என்று எவருக்கும் தெரியவில்லை. அடுத்த தடவை இறங்குகிற மாட்டுக்காரனிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

இன்னாசி, உன் பிப்ரவரிக் கடிதம் வந்தபோது இறங்கி வந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். மூட்டைகூடக் கட்டினேன். இப்போது அவிழ்த்துவிட்டேன். நான் போனால் ஏழாம் கதவில் வேறொருவன் வருவான், மறுபடியும் யாருக்கும் யார் பெயரும் தெரியாது. இந்த வழக்கத்தை இங்கே தொடங்கி வைத்தவன் நான், பாதியில் விட்டுவிட்டு வர முடியவில்லை. தகரக் கூரை வீட்டை அழகருக்குக் கொடுக்கச் சொல்லித் துரையிடம் சொல்லிவிட்டேன். அவன் பெண்டாட்டிக்கு ஏழாம் மாதம். லயத்துக் குளிர் பிள்ளைக்கு ஆகாது.

வீட்டை விற்க வேண்டாம். என் மேல் உனக்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும், அது நியாயம்தான்.

பிலவேந்திரன்


சேசு மரி சூசை

புளியடித் தெரு
1891 மார்ச் 31

அன்புள்ள மச்சானுக்கு,

பாஸ்கு நல்லபடியாக முடிந்தது. ஏலத்தை அக்காவிடம் கொடுத்தேன். உங்கள் அண்ணனிடம் சொல்லச் சொல்லி நீங்கள் எழுதிய இடத்தை அவருக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். முதல் தரம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார். இரண்டாம் தரம், "எங்கன நிப்பாட்டுன, மறுபடி வாசி" என்றார். ஆக மூன்று தரம்.

மலைக்கு வா என்று இந்தக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. கவனித்தேன். இறங்கி வாருங்கள் என்று இனி நானும் எழுத மாட்டேன். கோபம் இருக்கும் என்றீர்கள். இருந்தது. பெரிய வெள்ளி முழுவதும் இருந்தது. நீங்கள் மூட்டையை அவிழ்த்த காரணம் சோம்பலாக இருந்திருந்தால் கோபம் நிலைத்திருக்கும். நான் இங்கே எதற்காகக் கதவு கதவாகத் தட்டினேனோ, அதற்காகவே நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். உங்களைத் திட்ட வேண்டுமென்றால் முதலில் என்னைத் திட்டிக்கொள்ள வேண்டும்.

நானும் வரவில்லை. இங்கே ஒரு மணி அடிக்காமல் போனால் யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வேலை என்னிடம் வந்துவிட்டது.

திருநாள் அன்று புளியமரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, மலையில் நடந்ததைச் சொன்னேன். பிச்சையம்மாள், "ஜக்கம்மாவுக்கு அங்கன அடுப்ப அமத்துனாகளா? அப்ப அதுவும் நம்ம தெருதான்" என்றாள். "மலை மேலயா தெரு?" என்று சிரித்தார்கள். உங்கள் அண்ணன் சிரிக்கவில்லை. இனி இந்தத் தெருவில் எழவு விழுந்தால் சுருளிவேல் மூலமாக மேலே சொல்லி அனுப்புவது என்று முடிவாகிவிட்டது. அங்கே விழுந்தால் நீங்கள் சொல்லி அனுப்ப வேண்டும். எத்தனை நாள் கழித்து வந்தாலும் செய்தி வருகிற அன்று அமத்துவார்கள்.

மழையில் கதவு நம்பர்கள் எல்லாம் கரைந்துவிட்டன. எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. காவி கரைத்து எடுத்துக்கொண்டு போய் ஜக்கம்மா கதவில் பன்னிரண்டு என்று எழுதினேன். அவள் அண்ணன் மகன் பெண்டாட்டியோடு அங்கேயே குடியிருக்கப் போகிறானாம். எதற்கு இந்த நம்பர் என்று கேட்டான். பிறகு சொல்கிறேன் என்றேன். உங்கள் கதவில் ஏழு என்றே இருக்கட்டும். எங்களுக்கு அது பதின்மூன்று.

சந்தனம்மாளுக்குப் பேறுகாலம் நெருங்கினால் ஆள் அனுப்புங்கள். பத்துநாள் இருந்து மருந்துக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவேன். வாங்கி வைத்த அந்தக் கம்பளியை அவளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் செய்தி உங்களிடம் வந்து சேர ஒன்றரை நாள் ஆகும். நீங்கள் இறங்கி வர இன்னும் ஒரு நாள். அதுவரை வைத்திருக்க மாட்டார்கள். மேட்டுப் பாதையில் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வர வேண்டாம். அடுப்பை அமத்தினால் போதும். தண்ணீர் ரோசம்மாள் அக்கா வைப்பாள்.

இப்படிக்கு,
இன்னாசியம்மாள்
பதினோராம் வீடு, புளியடித் தெரு